மழை காணாமல் போன காட்சி

கறுப்பு வெள்ளைப் படம். இரவு. பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு பெண் மழையில் நிற்கிறாள். வசனம் கிடையாது, பின்னணி இசை கிடையாது. மழையின் ஓசை மட்டும். ஏறத்தாழ 40 நொடி நீளும் ஒரே ஷாட். பழைய படத்தை மீட்டெடுக்கும் பல மாத வேலைக்குப் பிறகு அந்த ரீலைப் பெரிய திரையில் ஓட்டிக் காட்டினேன். எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த பெரியவர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். காட்சி முடிந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"இங்கே மழை பெய்துகொண்டிருந்ததே அம்மா, எங்கே போயிற்று?"

மறுபடி ஓட்டினேன். அவள் நனைந்திருந்தாள். கூந்தல் நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது. முந்தானை நுனியிலிருந்து நீர் சொட்டியது. காலடியில் தேங்கிய நீரில் வளையங்கள் தோன்றி விரிந்து மறைந்தன. மேலிருந்து மட்டும் ஒரு துளிகூட விழவில்லை. ஓசை இருந்தது, மழை இல்லை.

தூசி நீக்கும் மென்பொருள் வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒவ்வொரு பிரேமையும், அதாவது சுருளில் உள்ள ஒவ்வொரு தனிப்படத்தையும், முந்தைய பிரேமோடும் அடுத்த பிரேமோடும் ஒப்பிடும். ஒரே ஒரு பிரேமில் தோன்றி, முன்னும் பின்னும் இல்லாதது எதுவாக இருந்தாலும் அதற்கு அழுக்குதான். அந்த இடத்தை அழித்துவிட்டுப் பக்கத்து பிரேமிலிருந்து ஒரு துண்டை எடுத்து நிரப்பிவிடும். சுருளில் ஒட்டிய தூசி அப்படித்தான் ஒரு நொடியின் 24இல் ஒரு பங்கு நேரம் மின்னி மறைகிறது. வேகமாக விழும் மழைத்துளியும் அப்படியேதான். ஒரு பிரேமில் வெள்ளைக் கோடாகத் தெரியும், அடுத்ததில் அந்த இடத்தில் இருக்காது. மென்பொருளுக்கு இரண்டும் ஒன்று.

தவறு என்னுடையது. நீக்கும் அளவைக் கூட்டி வைத்து இரவெல்லாம் ஓடவிட்டேன். காலையில் வந்து அங்கங்கே பிரேமை நிறுத்திச் சரிபார்த்தேன். நிறுத்திய பிரேம்கள் எல்லாம் கழுவித் துடைத்த கண்ணாடிபோல இருந்தன. மகிழ்ந்துபோனேன். மழை என்பது அசைவு. நிறுத்திப் பார்த்தால் அது இல்லாதது கண்ணில் படாது. ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

அதன் பிறகு, படத்தை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு முறை பார்க்காமல் எந்தக் கருவியையும் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். முதல் முறை கதைக்காக, ஒரு ரசிகையாக. இரண்டாம் முறை கையில் குறிப்பேட்டோடு. கொல்லன் பட்டறையில் தெறிக்கும் தீப்பொறி, நீரூற்றின் திவலை, சுழலும் வாளின் பளிச்சிடல், நாட்டியம் ஆடுபவரின் உடையில் மினுங்கும் ஜிகினா, தூவப்படும் பூ, தொலைவில் பறக்கும் பறவை, ஒரே பிரேமில் வந்து போகும் மின்னல் — இவை எந்த ரீலில், எத்தனையாவது அடியில் வருகின்றன என்று எழுதிவைப்பேன். அந்த இடங்கள் தானியங்கி வேலைக்குப் போகாது. அவற்றை ஆள் உட்கார்ந்து பிரேம் பிரேமாகச் சுத்தம் செய்ய வேண்டும்.

கருவியே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தாலே தெரியும். இரண்டரை மணி நேரப் படத்தில் 2,16,000 பிரேம்கள். ஒரு பிரேமுக்குப் பத்து நொடி மட்டும் செலவிட்டால்கூட 600 மணி நேரம் ஆகும். ஆனால் மோசமான ஒரு பிரேமுக்குச் சில சமயம் அரை மணி நேரம் தேவைப்படும். கருவி இல்லாமல் இந்த வேலை நடக்காது. எங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று கருவிக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

தொழிலுக்கு வந்த புதிதில் வேலை கணினியில்தான் தொடங்குகிறது என்று நினைத்திருந்தேன். அது சுருள் இருக்கும் டப்பாவைத் திறக்கும்போதே தொடங்கிவிடுகிறது, முதலில் தேவைப்படுவது மூக்கு. அசிட்டேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன சுருள் கெடத் தொடங்கினால் வினிகர் வாடை அடிக்கும். ஈரமும் வெப்பமும் சேர்ந்து அந்தப் பிளாஸ்டிக் அடித்தளத்தைச் சிதைக்க, அசிட்டிக் அமிலம் வெளிவருகிறது. அந்த அமிலமே மேலும் சிதைவைத் தூண்டுகிறது. அதனால் ஒரு கட்டத்தைத் தாண்டினால் சிதைவு பாய்ச்சலில் போகும். சுருள் சுருங்கும், ஓரம் அலையலையாக நெளியும், கடைசியில் நொறுங்கும். வாடை மூக்குக்கு எட்டுவதற்கு முன்பே கண்டுபிடிக்க அமிலம் காட்டும் காகிதப் பட்டைகள் உண்டு. டப்பாவுக்குள் வைத்தால் நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகும். மஞ்சள் காட்டும் டப்பாவை மற்றவற்றோடு ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது. தனியே எடுத்துக் குளிரில் வைத்து, ஸ்கேன் வரிசையில் முன்னால் கொண்டுவர வேண்டும்.

எளிதில் தீப்பற்றும் பழைய நைட்ரேட் சுருள் வேறு வகை. அதைத் தயாரிப்பதை கோடக் நிறுவனம் 1951இல் நிறுத்தியது. அதற்கு முந்தைய 35 மில்லிமீட்டர் படம் என்றால் எச்சரிக்கையோடு தொட வேண்டும். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீருக்குள் அமுக்கினாலும் எரியும். அதற்கென்று பயிற்சி பெற்றவர்களும் தனிக் கிடங்கும் இல்லாத இடத்தில் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். இதில் துணிச்சலுக்கு இடமில்லை.

கையால் செய்த பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஈரத்தில் கிடந்த ஒரு ரீல். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மெதுவாக இழுத்தால் வந்துவிடும் என்று இழுத்தேன். ஈரத்துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். ஒரு சுற்றில் படம் பதிந்திருந்த படலம் முழுதாகப் பெயர்ந்து அடுத்த சுற்றின் முதுகில் ஒட்டிக்கொண்டது. என் கையில் இருந்தது கண்ணாடிபோல் தெளிந்த வெறும் பட்டை. மூன்றடி போயிற்று. ஓர் அடிக்கு 16 பிரேம். ஆக 48 பிரேம், இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியில் ஒரு தாய் மகனின் தோளைத் தொடக் கை நீட்டுகிறாள். கை நீள்வதற்கு முந்தைய பிரேமும், கை தோளில் இருக்கும் பிரேமும் இருந்தன. நடுவில் ஒன்றும் இல்லை.

ஒட்டிய ரீலை ஈரப்பதம் கட்டுப்படுத்திய பெட்டியில் நாள்கணக்கில் வைத்து, தானாக இளக விட வேண்டும். அவசரப்பட்டுப் பிரிப்பதைவிட பிரிக்காமல் மூடிவைப்பது நல்லது. நான் தொலைத்த அந்த இரண்டு நொடி ஓராண்டுக்குப் பிறகு வேறோர் இடத்தில் கிடைத்த தேய்ந்த பிரின்ட்டிலிருந்து திரும்பி வந்தது. தரத்தில் வேறுபாடு தெரியும். ஆனாலும் கை நீள்கிறது.

அதனால்தான் ஒரு படத்தை மீட்க உட்காரும் யாருக்கும் நான் சொல்வது: கைக்கு முதலில் கிடைத்த பிரதியோடு தொடங்காதீர்கள். மூல நெகடிவ் எங்கே, அதிலிருந்து எடுத்த மாஸ்டர் பாசிட்டிவ் எங்கே, நகல் நெகடிவ், ஒலி நெகடிவ், வெளியூர்களுக்குப் போன பிரின்ட்டுகள், 16 மில்லிமீட்டராகச் சுருக்கியவை, ஏதாவது தொலைக்காட்சிக்காக நாடாவில் ஏற்றியது — இருப்பதையெல்லாம் தேடிப் பட்டியல் போடுங்கள். பிறகு ஷாட் ஷாட்டாக ஒப்பிடுங்கள். ஒரு படத்தின் மூன்றாம் ரீல் ஒரு பிரதியில் நன்றாக இருக்கும், ஏழாம் ரீல் இன்னொன்றில்.

குப்பை என்று எதையும் ஒதுக்க முடியாது என்பதற்கு உலகறிந்த சான்று சத்யஜித் ராயின் அப்பு முப்படங்கள். அவற்றின் மூல நெகடிவ்கள் 1993இல் லண்டனில் சுருள்களைக் கழுவி அச்சடிக்கும் ஒரு லேபில் ஏற்பட்ட தீயில் கருகின. உருகியும் ஒட்டியும் கிடந்த அவற்றை எறியாமல் ஆஸ்கர் விருது வழங்கும் அமெரிக்க அகாடமியின் காப்பகம் பாதுகாத்தது. இருபது ஆண்டுகள் கழித்து இத்தாலியின் போலோனா நகரில் உள்ள லேபில் அந்தச் சுருள்களுக்கு ஈரப்பதம் ஏற்றி இளக்கினார்கள். உடைந்த ஓரத் துளைகளைக் கையால் செப்பனிட்டு ஸ்கேன் செய்தார்கள். 'பதேர் பாஞ்சாலி'யில் சுமார் 40 விழுக்காடும், 'அபராஜிதோ'வில் 60 விழுக்காட்டுக்கு மேலும் அந்தக் கருகிய நெகடிவிலிருந்தே கிடைத்தன. மிச்சத்துக்கு வேறு பிரதிகள் கைகொடுத்தன. 2015இல் அவை மீண்டும் திரைக்கு வந்தன. கருகிய சுருளை ஒரு பெட்டியில் போட்டு மூடி, என்றாவது ஒருநாள் வழி பிறக்கும் என்று காத்திருந்தவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஸ்கேனிங் பற்றி நீளமாகச் சொல்ல மாட்டேன். மூல நெகடிவ் 35 மில்லிமீட்டராக இருந்தால் 4கே தெளிவில் எடுங்கள். 4கேயில் ஒரு பிரேம் ஏறத்தாழ 50 மெகாபைட். முழுப்படம் 10 டெராபைட்டைத் தாண்டும் என்று முன்பே தெரிந்து இடம் ஒதுக்குங்கள். சுருங்கிய சுருளைப் பற்சக்கரம் உள்ள கருவியில் ஓட்டாதீர்கள், துளை கிழியும். அடித்தளத்தின் பக்கம் மேலோட்டமான கீறல்கள் நிறைய இருந்தால், சுருளைத் திரவத்தில் நனைத்தபடி ஸ்கேன் செய்யும் வசதி உள்ள இடமாகப் பாருங்கள். திரவம் கீறலின் பள்ளத்தை நிரப்பிவிடுவதால் ஒளி சிதறாது. ஆயிரக்கணக்கான கீறல்கள் ஸ்கேனிலேயே மறைந்துவிடும். கணினியில் மாதக்கணக்கில் செய்ய வேண்டிய வேலை அங்கேயே முடிகிறது.

அழுக்கைப் படிக்கக் கற்றுக்கொள்வது தனிப் பாடம், எனக்கு மிகவும் பிடித்த பாடமும் அதுதான். திரையில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அந்தத் தூசி நெகடிவில் இருந்தது. அது ஒளியை மறைத்ததால் பாசிட்டிவில் வெள்ளையாகிவிட்டது. கறுப்புப் புள்ளி என்றால் தூசி பிரின்ட்டின் மேல் இருக்கிறது, துடைத்தால் போய்விடக்கூடும். கலர் பிரின்ட்டில் பச்சைக் கோடு ஓடினால் மேலடுக்கான மெஜந்தா என்னும் செவ்வூதாச் சாயம் மட்டும் சுரண்டப்பட்டிருக்கிறது. மஞ்சள் கோடு என்றால் அடுத்த அடுக்கும் போயிற்று. வெள்ளை என்றால் அங்கே படமே மிச்சமில்லை. ஒரு கீறலின் நிறத்தை வைத்தே எத்தனை ஆழம், எவ்வளவு மீட்க முடியும் என்று சொல்லிவிடலாம். பிரின்ட் முழுவதும் இளஞ்சிவப்பாக வெளிறியிருந்தால், பழைய கலர் பிரின்ட்டுகளில் சயன் என்னும் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிவிடுவதுதான் காரணம். மங்கியது கொஞ்சம் மிச்சமிருந்தால் தூக்கி நிறுத்தலாம். முழுதும் போனதைத் தூக்கி நிறுத்த முடியாது.

சில காயங்கள் போகாது. ஃபிரிட்ஸ் லாங் இயக்கி 1927இல் வெளியான 'மெட்ரோபோலிஸ்' படத்திலிருந்து வெட்டப்பட்ட பகுதிகள் உலகத்தில் எங்குமே இல்லை என்று கருதப்பட்டிருந்த நிலையில், 2008இல் புவெனஸ் அயர்ஸ் நகரில் ஒரு 16 மில்லிமீட்டர் நகலில் ஏறத்தாழ 25 நிமிடம் கிடைத்தது. அந்த நகலை எடுத்தபோது மூலப் பிரின்ட்டைத் துடைக்காமலே எடுத்திருந்ததால் கீறல்கள் எல்லாம் படமாகவே பதிந்துவிட்டிருந்தன. 2010இல் வெளியான மீட்பில் அந்தப் பகுதிகள் கீறலோடும், குறுகிய பிரேமோடும்தான் இருக்கின்றன. பார்ப்பவருக்கு எந்தப் பகுதி எங்கிருந்து வந்தது என்று அங்கேயே தெரிந்துவிடும். அதை மறைத்துச் சமன்செய்ய முயலாமல் விட்டது சரியான முடிவு என்பது என் உறுதியான எண்ணம்.

தயாரிப்புத் தரப்பிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது இதற்கு நேர்மாறானது: "புதுப்படம்போல ஆக்கிக் கொடுங்கள்." அப்போது நான் முதலில் பேசுவது கிரெயின் பற்றித்தான். சுருளில் படம் என்பதே வெள்ளி உப்பின் நுண்துகள்களிலிருந்து உருவாவது. திரையில் மெல்லக் கொதிப்பதுபோல் தெரியும் அந்தப் பொடி, படத்தின் மேல் படிந்த அழுக்கு இல்லை, படமே அதுதான். அதைத் துடைத்தால் கன்னம் மெழுகாகும், பட்டுச்சேலை பிளாஸ்டிக்காகும். நம்பாதவர்களுக்கு ஒரே முகத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் கிரெயினை நீக்கி, மறுபாதியை அப்படியே விட்டு ஓட்டிக் காட்டுவேன். இமை முடியைப் பாருங்கள், மேலுதட்டின் வியர்வையைப் பாருங்கள் என்பேன். அதன் பிறகு விவாதம் நீண்டதில்லை.

ஒரு காட்சி மங்கி மறைய, அடுத்த காட்சி தோன்றும் இடங்களில் கிரெயின் திடீரென்று கூடும். ஏனென்றால் அந்தக் காட்சிக் கலவையை லேபில் தனியே நகலெடுத்துச் செய்து நெகடிவில் ஒட்டினார்கள். அதை ஓரளவு தணிக்கலாம். முழுதாக மறைக்க முயன்றால் ஷாட்டே பாழாகும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் வந்திருக்கின்றன. கிழிசலைத் தைக்க, படம் ஆடுவதை நிறுத்த அவற்றை நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் தெளிவைக் கூட்டும் வேலையை அவற்றிடம் ஒப்படைப்பதில்லை. ஒருமுறை சோதனைக்காக ஒரு கூட்டக் காட்சியைக் கொடுத்துப் பார்த்தேன். கடைசி வரிசையில் மங்கலாக நின்ற ஒரு துணை நடிகருக்கு அது கூர்மையான கண்ணும் மூக்கும் வரைந்து கொடுத்தது. அழகான முகம்தான். ஆனால் அன்று அங்கே நின்ற மனிதரின் முகம் அது இல்லை. அவர் பெயர்கூடத் தலைப்பு அட்டையில் இருந்திருக்காது. அந்தப் படத்தில் அவருக்கு இருப்பது அந்த மங்கல் மட்டும்தான். அதை அழித்து வேறொருவரை நிறுத்த எனக்கு உரிமை இல்லை.

ஒலிக்கும் இதே கதைதான். சுருளின் ஓரத்தில் ஒளியால் பதித்த ஒலித்தடத்தின் இரைச்சலை ஒரே இழுப்பில் குறைத்தால் 'ச'வும் 'ஸ'வும் மழுங்கும்; வசனத்துக்கு முன்னால் நடிகர் இழுக்கும் மூச்சும் இரைச்சலோடு போய்விடும். அழுகைக் காட்சியில் மூச்சு போய்விட்டால் மிஞ்சுவது வெறும் சொற்கள். கொஞ்சம் இரைச்சல் இருக்கட்டும். இன்னொரு நுட்பமும் உண்டு: 35 மில்லிமீட்டர் பிரின்ட்டில் ஒலி, அதற்குரிய படத்துக்கு ஏறத்தாழ 20 பிரேம் முன்னதாகப் பதிந்திருக்கும். அறுந்து ஒட்டிய இடத்தில் படம் தாவியதற்குப் பிறகு ஒரு நொடிக்குச் சற்றுக் குறைவான நேரம் கழித்துத்தான் ஒலி தாவும். ஒட்டு இருக்கும் இடத்தில் வசனம் சரியாக இருக்கிறதே என்று மகிழ்ந்து கடந்துபோகிறவர்கள் அடுத்த வரியில் மாட்டிக்கொள்வார்கள்.

எல்லாம் முடிந்ததும் சிலர் கேட்பார்கள்: "ஸ்கேன் செய்தாயிற்று, இனி இந்த டப்பாக்கள் எதற்கு?" இந்தத் தொழிலில் என்னை மிகவும் வருத்தும் கேள்வி இது. 2கே ஸ்கேன்தான் உச்சம் என்று நம்பப்பட்ட காலத்தில் நெகடிவைத் தூக்கி எறிந்தவர்கள் இன்று 4கே எடுக்க வழியில்லாமல் நிற்கிறார்கள். குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்தால் சுருள் பல பத்தாண்டுகள் அசையாமல் இருக்கும். ஹார்ட் டிஸ்க்கை அலமாரியில் வைத்து மறந்துவிட்டால் எத்தனை ஆண்டு தாங்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள். காந்த நாடாவில் ஏற்றி வைத்தாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய தலைமுறை நாடாவுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். புதிய கருவி மிகப் பழைய நாடாவைப் படிக்காது. ஆகவே மூன்றையும் வைத்திருங்கள்: சுருள், எதுவும் திருத்தாத மூல ஸ்கேன், மீட்டெடுத்த படம். அதோடு, எந்த ரீலில் என்ன செய்தோம் என்ற எழுத்துப் பதிவு. நாம் செய்த தவறைப் பின்னால் வருபவர் திருத்த வேண்டுமானால் அந்தப் பதிவு அவர் கையில் இருக்க வேண்டும். என் மழைக் காட்சியைத் திருப்பிக் கொண்டுவர முடிந்தது, மூல ஸ்கேனைத் தொடாமல் வைத்திருந்ததால்தான்.

அந்தப் பதிவைப் பற்றிப் பேசும்போது காகிதங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த வேலையில் எனக்கு ஏற்பட்ட பெரிய அதிர்ச்சி அதிலிருந்துதான் வந்தது.

ஒரு வண்ணப் படம். 14 டப்பாக்கள். சில டப்பாக்களுக்குள் மடித்து வைத்த காகிதங்கள், பூஞ்சணம் பிடித்துப் பழுப்பேறி இருந்தன. பூஞ்சணம் சுருளுக்குப் பரவிவிடக் கூடாது என்ற பதற்றத்தில் காகிதங்களையெல்லாம் ஒரு பையில் போட்டு வெளியே வைக்கச் சொன்னேன். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. நெகடிவ் அருமையாக இருந்தது. நிறங்கள் அத்தனையும் உயிரோடு இருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல பிரின்ட் எதுவும் கிடைக்கவில்லை. கண்ணை நம்பி நிறத் திருத்தம் செய்தேன்.

ஒன்பதாம் ரீலில் ஒருவர் கையில் எரியும் அரிக்கேன் விளக்கோடு பாறைகளுக்கு நடுவே யாரையோ தேடிக்கொண்டு நடக்கிறார். சற்றே குறைந்த வெளிச்சத்தில் எடுத்திருந்தார்கள். அதைத் தூக்கிச் சரிசெய்தேன். பாறையின் செம்மை, புல்லின் பச்சை, தெளிவான நிழல் என்று நண்பகல் அப்படியே வந்தது. அவர் கன்னத்தில் மட்டும் ஒரு பக்கம் மஞ்சளாக ஒரு திட்டு தெரிந்தது. நெகடிவில் ஏதோ கறை என்று எண்ணி, பிரேம் பிரேமாக அதைத் தணித்து முகத்தைச் சீராக்கினேன். அதற்கே நான்கு நாள் ஆயிற்று.

அந்தப் படத்தில் உதவி ஒளிப்பதிவாளராக வேலை செய்தவர் ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்து அழைத்து வந்தோம். எண்பது வயதைத் தாண்டியவர். ஒன்பதாம் ரீல் வரும்வரை தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார். விளக்கு வந்ததும் முன்னால் சாய்ந்தார்.

"அம்மா, இது இரவு."

எனக்குப் புரியவில்லை.

"இரவுக் காட்சி. பகலில் எடுத்து, லேபில் இருட்டாக்கச் சொல்லி அச்சடித்தோம். வானம் தெரியாதபடி பாறைக்கு நடுவில் வைத்துக்கொண்டதே அதற்காகத்தான். இல்லாவிட்டால் அவர் எதற்கு விளக்கை எடுத்துக்கொண்டு போகிறார்?"

அந்த விளக்கை நான் நூறு முறையாவது பார்த்திருப்பேன். நெகடிவில் இருப்பதுதான் படம் என்று நம்பியதால் அது என் கண்ணில் பட்டும் மனத்தில் படவில்லை. நெகடிவ் பாதிப் படம்தான். எந்த ஷாட்டை எவ்வளவு ஒளி விட்டு, எந்த நிறத்தைக் கூட்டி அச்சடிப்பது என்று ஒளிப்பதிவாளரும் லேபும் சேர்ந்து எடுத்த முடிவு மறுபாதி. அது நெகடிவில் இருக்காது. எண்களாக ஒரு காகிதத்தில் இருக்கும். அந்தக் காகிதத்தை டப்பாவுக்குள் மடித்து வைப்பார்கள்.

ஓடினேன். பை ஒரு மூலையில் கிடந்தது, ஆனால் ஈரத்தில் பெரும்பகுதி கூழாகியிருந்தது. ஐந்து ரீல்களுக்குரிய தாள்களை மட்டும் படிக்க முடிந்தது. ஒன்பதாம் ரீல் அவற்றில் இல்லை. பத்தாம் ரீல் இருந்தது. அதே இரவின் தொடர்ச்சி அதில் வருகிறது. அந்த எண்களையும் அந்த உதவி ஒளிப்பதிவாளரின் நினைவையும் வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்தோம். இருட்டைக் கூட்டினோம். நீலத்தை ஏற்றினோம். "இவ்வளவு நீலம் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது" என்று காலமாகிவிட்ட தன் ஒளிப்பதிவாளரைப் பற்றி, பக்கத்து அறையில் இருப்பவரைச் சொல்வதுபோலச் சொன்னார். குறைத்தோம். நிழல்களைக் கரைத்தோம். பாறைகள் இருளுக்குள் போயின. அந்த மனிதர் தனியாகிவிட்டார். காட்சியின் அச்சம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இப்போதெல்லாம் டப்பாவைத் திறந்ததும் முதல் வேலை, உள்ளே இருக்கும் ஒவ்வொரு காகிதத்தையும், மூடியில் ஒட்டிய சீட்டையும், சுருளின் தலைப்பில் மையால் எழுதியதையும் இருந்த இடத்திலேயே படம் எடுப்பது. பூஞ்சணம் பிடித்ததைத் தனி உறையில் போட்டு டப்பா எண்ணை எழுதிவைப்பது. படத்தில் வேலை செய்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரிப்பதும் அந்த வாரத்திலேயே தொடங்கிவிடும். வயதானவர்கள், வேலை முடியட்டும் என்று காத்திருக்க முடியாது.

இரண்டாம் நாள் மாலை கடைசியாக ஒருமுறை ஓட்டினோம். அவர் திருப்தியாகத்தான் இருந்தார். இருந்தாலும் எதையோ தேடுவதுபோல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முகத்தில் விளக்கு வெளிச்சம் விழவில்லையே" என்றார். "சூரியனுக்கு முன்னால் அந்த அரிக்கேன் என்ன வெளிச்சம் தரும்? அதனால் தங்க நிறக் காகிதம் ஒட்டிய ஒரு சின்னத் தட்டியை வைத்து வெயிலை அவர் கன்னத்தில் திருப்பினோம். அவர் நடக்க நடக்க, கேமராவில் படாமல், தட்டியைப் பிடித்தபடி பக்கத்திலேயே நானும் குனிந்துகொண்டு நடந்தேன். எத்தனை டேக் தெரியுமா? இடது கன்னம். நன்றாக ஞாபகம் இருக்கிறது."

நான்கு நாள் செய்த திருத்தத்தைத் தேடி எடுத்து நீக்கினேன். மறுபடி ஓட்டினேன். இருட்டில் அந்த மனிதர் நடந்து வந்தார். இடது கன்னத்தில் மஞ்சள் ஒளி, அவர் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் லேசாக நடுங்கியது.